பிளெக்கோவுக்கு ஜெல் தீனி: ரிபாஷி சொய்லன்ட் கிரீன்

பிரிசில்நோஸ் பிளெக்கோ (தொட்டிக் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு பாசி சுரண்டும் மீன்) வளர்ப்பவர்கள் ஒரு பொட்டலமாவது வாங்கிப் பார்க்க வேண்டிய தீனி இது. ரிபாஷி நிறுவனத்தின் பச்சைப் பொடி. வெந்நீரில் கரைத்து ஆறவைத்தால் சைனா கிராஸ் போல உறையும். ஸ்பைருலினாவும் மற்ற பாசி மாவும் முக்கியம். கூடவே கிரில் (இறால் போன்ற சிறு கடலுயிர்), கணவாய் மாவு. பிளெக்கோவின் வாய் சுரண்டித் தின்பதற்கென்றே அமைந்தது. வழக்கமாகப் போடும் வேஃபர் (வில்லைத் தீனி) சில மணி நேரத்தில் ஊறிக் குழைந்து கற்களுக்கு இடையில் இறங்கிவிடும். ஜெல் இரவு முழுக்கக் கட்டியாகவே கிடக்கும். காலையில் எடுத்துப் பார்த்தால் சீப்பால் இழுத்ததுபோல மெல்லிய பற்கோடுகள் தெரியும்.

1 மேசைக்கரண்டி பொடிக்கு 3 மேசைக்கரண்டி தண்ணீர். அது அப்போதுதான் கொதித்து இறக்கியதாக இருக்க வேண்டும். பெரும்பாலோர் சறுக்குவது இங்கேதான். கீசரில் வரும் சுடுதண்ணீரை ஊற்றினால் பொடியிலுள்ள பசை முழுதாகக் கரையாது. உறைந்த பிறகு கையிலேயே உதிரும், தொட்டித் தண்ணீரைக் கலக்கும். கட்டி தட்டாமல் கலக்கித் தட்டையான டப்பாவில் ஊற்றுங்கள். ஆறுவதற்குள் வழவழப்பான கூழாங்கல் ஒன்றை அதில் முக்கி எடுத்து, உறைந்ததும் தொட்டியில் வைத்தால் இன்னும் நல்லது. கட்டைக்குப் பின்னால் பதுங்கும் குஞ்சுகளுக்கும் சுரண்ட வாகான இடம் கிடைக்கும்.

விளக்கை அணைத்த பிறகு போடுங்கள். 10 செ.மீ. மீன் இரண்டுக்கு 1 செ.மீ. துண்டு ஒன்றில் தொடங்கலாம். மிச்சத்தைக் காலையில் எடுத்துவிடுங்கள். கோடையில் 30 டிகிரித் தண்ணீரில் சீக்கிரம் அழுகி அம்மோனியாவை ஏற்றிவிடும். அளவு போதுமா என்பதை மீனின் வயிறே சொல்லும். கண்ணாடியில் ஒட்டியிருக்கும்போது பாருங்கள்: உள்வாங்கியிருந்தால் பட்டினி, லேசாக உருண்டிருந்தால் சரி. வாரம் இரண்டு நாள் ஜெல்லுக்குப் பதில் வெந்நீரில் வாட்டிய கீரையோ வெள்ளரித் துண்டோ கொடுக்கலாம்.

எல்லாப் பிளெக்கோவுக்கும் இது முழுத் தீனி ஆகாது. பிரேசிலின் ஷிங்கு ஆற்றிலிருந்து வந்த ஜீப்ரா பிளெக்கோவுக்குப் புழு, இறால் போன்ற அசைவத் தீனி வேண்டும். மரம் சுரண்டும் பிளெக்கோ வகையான பனாக்கேவுக்குக் கடிக்க மரக்கட்டை வேண்டும். கடையில் 2 அங்குலத்தில் ‘சக்கர்’ என்று விற்கும் மீன் ஓர் அடியைத் தாண்டும். அதற்கு இந்தத் தீனி கட்டுப்படியாகாது. (பெரிதாகிவிட்டது என்று அதை ஏரியில் விடாதீர்கள், தயவுசெய்து. தமிழ்நாட்டு நீர்நிலைகளில் ஏற்கனவே பெருகிவிட்டது.)

விலை கூடுதல்தான். ஈரம் பட்டால் பொடி கட்டி பிடிக்கும். காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள். செய்த ஜெல் ஃப்ரிட்ஜில் 2 வாரம் தாங்கும். அதற்கு மேல் வேண்டுமானால் சிறு துண்டுகளாக வெட்டி, ஒன்றோடொன்று ஒட்டாமல் ஃப்ரீசரில் வைத்துத் தினம் ஒன்றாக எடுக்கலாம்.