ஹட்டனிலிருந்து லண்டன்: ஒரு தூரக் கணிப்பானுடன் சில ஆண்டுகள்

மகள் லண்டனில் குடியேறிய 2018ஆம் ஆண்டிலிருந்து, இரு நகரங்களுக்கு இடையிலான விமானத் தூரத்தையும் பயண நேரத்தையும் கணித்துத் தரும் ஓர் இணையக் கணிப்பானைப் பயன்படுத்தி வருகிறேன். இதுவரை நான்கு முறை போய் வந்துள்ளேன். ஒவ்வொரு தடவையும் அது சொன்னதையும் உண்மையில் நடந்ததையும் ஒரு கொப்பியில் குறித்து வைத்திருக்கிறேன்.

தூரத்தில் குறை சொல்ல இடமில்லை. இலங்கையின் கட்டுநாயக்கா விமான நிலையத்திலிருந்து லண்டனின் ஹீத்ரோ விமான நிலையம் வரை அது காட்டும் சுமார் 8,700 கிலோமீட்டர், பூமியின் உருண்டை வடிவைக் கணக்கிலெடுத்துப் பெற்ற மிகக் குறுகிய தூரமாகும். சுவர்ப்படத்தில் அடிமட்டம் வைத்துப் பழகியவருக்கு, வடக்கே வளைந்து தெஹ்ரான் பக்கமாகப் போகும் அதன் கோடு பிழையாகவே தோன்றும். பேரனின் பூகோள உருண்டையில் நூலை இழுத்துப் பிடித்துப் பார்த்த பிறகே எனக்கு விளங்கியது. ஆனாலும் விமானம் அந்தக் கோட்டில் போவதில்லை. கருங்கடலுக்கு அப்பால் அது தொடும் உக்ரைன் வான்பரப்பு 2022 பெப்ரவரி முதல் பயணிகள் விமானங்களுக்கு மூடப்பட்டிருப்பதால், உண்மைப் பாதை சற்று நீளமானது.

நேரத்தில்தான் அதை அப்படியே நம்பக் கூடாது. ஒரு சராசரி வேகத்தால் தூரத்தை வகுத்துவிடுவதால், போகவும் வரவும் ஒரே நேரத்தைச் சொல்கிறது. உயர வானில் மேற்கிலிருந்து கிழக்காக வீசும் பலத்த காற்று போகும்போது எதிர்க்கிறது, திரும்பும்போது தள்ளிவிடுகிறது. என் கொப்பியில் போன பயணங்கள் எல்லாமே பதினொரு மணித்தியாலத்தைத் தாண்டியவை, வந்தவை அதற்குக் குறைந்தவை. பயணச்சீட்டில் இருப்பவை அந்தந்த ஊர் நேரங்கள் என்பதும் பலருக்குத் தெரிவதில்லை. பகல் ஒரு மணிக்குப் புறப்பட்டு மாலை ஏழு மணிக்கு இறங்குவதைப் பார்த்த பக்கத்து வீட்டு அக்கா, "ஆறு மணித்தியாலம்தானா?" என்று கேட்டார். குளிர்காலத்தில் ஐந்தரை, கோடையில் நாலரை மணித்தியால வித்தியாசத்தைக் கூட்ட வேண்டும்.

கணிப்பானுக்குப் பயணம் கட்டுநாயக்காவில் தொடங்குகிறது. எனக்கோ முதல் நாள் இரவே தொடங்கிவிடும். மலையகத்திலுள்ள எங்கள் ஹட்டனிலிருந்து கட்டுநாயக்கா வரையான, நூற்றைம்பது கிலோமீட்டருக்கும் குறைவான தூரத்துக்கு, பனிமூட்டத்தில் வளைவு வளைவாக கித்துல்கலைக்கு இறங்கி அவிசாவளையைத் தாண்டிச் செல்ல, வேனில் ஐந்து மணித்தியாலம் பிடிக்கிறது. இரண்டாம் பயணத்தில் கினிகத்தேனைக்கு அருகே மண்சரிவு. செம்மண்ணும் ஒரு சவுக்கு மரமும் பாதையை அடைத்துக் கிடக்க, வேன் விளக்கு வெளிச்சத்தில் மண் அள்ளுவதைப் பார்த்தபடி இரண்டரை மணித்தியாலம் நின்றோம். நான் பெட்டியை ஒப்படைத்த கையோடு கருமபீடத்தை மூடிவிட்டார்கள்.

இப்போது கணிப்பான் தரும் நேரத்துடன் வீதிக்கு ஐந்து, விமான நிலையத்துக்கு மூன்று என்று கூட்டுகிறேன். மழைக்காலமானால் இன்னும் மூன்று.