‘பேட்டரி ஓகே’ என்று பில்லில் எழுதியிருந்தால் நம்பாதீர்கள்: பூட்டு வைத்த ஃபிரிட்ஜ் வாங்குவோருக்கு

ஆள் இல்லாமல் சாப்பாடு விற்கும் கண்ணாடிக்கதவு ஃபிரிட்ஜை யாராவது உங்களிடம் விற்க வந்து, “ஃபுட் சேஃப்டி லாக் இருக்கு, கரண்ட் போனாலும் பேட்டரியில ஓடும்” என்று சொன்னால், அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். சேலத்தில் தொழில் செய்யும் ஒரு நிறுவனம் எனக்குச் செய்த வேலை இது. புகார் நடந்துகொண்டிருப்பதால் பெயரை எழுதவில்லை. யாரிடம் வாங்கினாலும் பார்க்க வேண்டியது இதேதான்.

அஸ்தம்பட்டியில் சின்னதாக ஒரு சமையலறை நடத்துகிறேன். தயிர்சாதம், சுண்டல், பனீர் சாலட், நறுக்கிய பழம், மோர். டப்பாவில் அடைத்து, ஐந்து ரோடு பக்கம் வேலைக்குப் போகும் பெண்கள் தங்கும் ஹாஸ்டல் ஒன்றிலும், ஏற்காட்டில் ஒரு லாட்ஜிலும் ஃபிரிட்ஜ் வைத்து விற்கிறோம். க்யூஆர் ஸ்கேன் செய்து பணம் கட்டினால் கதவு திறக்கும். கூடவே இன்னொரு வேலையும் அந்தப் பூட்டுக்கு உண்டு. உள்ளே சூடு ஏறிவிட்டால் யார் பணம் கட்டினாலும் திறக்கக் கூடாது. சாதாரண ஃபிரிட்ஜை விட இவ்வளவு கூடுதல் விலை கொடுத்து வாங்கியது இந்த இரண்டாவது வேலைக்காகத்தான்.

ஏன் அது முக்கியம் என்றால், நம் ஊரில் எல்லோரும் “கெட்டுப்போனா வாடை வரும், தெரிஞ்சுடும்” என்றுதான் நினைக்கிறோம். சோற்று விஷயத்தில் அது உண்மையில்லை. அரிசியில் இருக்கும் பேசில்லஸ் சீரியஸ் என்ற கிருமியின் வித்துகள் வேகவைத்தாலும் சாவதில்லை. சோறு வெதுவெதுப்பாகக் கிடந்தால் முளைத்துப் பெருகி நஞ்சை விடும். அந்த நஞ்சுக்கு வாடையும் கிடையாது, மறுபடி சூடுபண்ணினாலும் போகாது, மறுபடி குளிரவைத்தாலும் போகாது. நம் நாட்டு உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ-யின் விதி சீக்கிரம் கெடும் உணவை 5 டிகிரி செல்சியஸ் அல்லது அதற்குக் கீழே வைக்கச் சொல்வது இதற்காகத்தான். பகலெல்லாம் 25 டிகிரியில் கிடந்து, சாயங்காலம் திரும்ப 4 டிகிரிக்கு வந்த டப்பாவைப் பார்த்தால் ஒன்றுமே தெரியாது. அதை ஞாபகம் வைத்திருக்க வேண்டியது அந்தப் பூட்டு. கரண்ட் இல்லாத நேரத்தில் பூட்டுக்கு ஞாபகத்தைக் கொடுப்பது உள்ளே இருக்கும் பேட்டரி. அது ஓட்டுவது பூட்டையும் கன்ட்ரோலரையும் மட்டும்தான், குளிரவைக்கும் கம்ப்ரசரை அல்ல.

கோடையில் ஐந்து ரோடு பகுதிக்கு மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை, காலை 9 முதல் மாலை 5 வரை. எனக்குப் பதற்றமே இல்லை. எட்டு மணி நேரம் பேக்கப் என்று கொட்டேஷனிலேயே போட்டிருந்தார்கள். ஒவ்வொரு சர்வீஸ் பில்லிலும் ‘பேட்டரி சோதனை: ஓகே’ என்று எழுதி சீல் வைத்திருக்கிறார்கள். ஹாஸ்டலில் ஜெனரேட்டர் உண்டு, ஆனால் ஃபிரிட்ஜ் அந்த லைனில் இல்லை. கம்ப்ரசர் ஸ்டார்ட் ஆகும்போது இழுக்கும் லோடை அது தாங்காது.

பத்து மணிக்கெல்லாம் வார்டன் அம்மா போன் செய்தார். “ஏங்கண்ணு, உன் ஃபிரிட்ஜு கதவு தானா திறந்து கெடக்குது. லைட்டும் எரியல. புள்ளைங்க ஸ்கேன் பண்ணாமயே எடுக்குதுங்க, நான் டேப்பு ஒட்டி வெச்சிருக்கறேன்.”

பூட்டியிருக்க வேண்டிய கதவு திறந்து கிடந்தது. அதற்குக் காரணம் பூட்டின் வகை. எனக்குக் கொடுத்திருந்தது காந்தப் பூட்டு. கரண்ட் ஓடும்வரை பிடித்திருக்கும், நின்றால் விட்டுவிடும். தீப்பிடித்தால் ஆட்கள் வெளியே ஓட வேண்டிய வாசல் கதவுக்கு அது சரியான பூட்டு. கெட்ட சாப்பாட்டைத் தடுக்க வேண்டிய ஃபிரிட்ஜுக்கு அது தலைகீழ். இதற்கு வேண்டியது கரண்ட் போனாலும் மூடியபடியே நிற்கும் தாழ்ப்பாள் வகைப் பூட்டு. ஏற்காட்டில் இருப்பது அந்த வகை. அதே நிறுவனம், அதே விலை. கையில் எது ஸ்டாக் இருந்ததோ அதை மாட்டியிருக்கிறார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

சாயங்காலம் கரண்ட் வந்ததும் நடந்தது இதைவிட மோசம். நான் போய் நின்றபோது டிஸ்ப்ளேயில் 19 என்று காட்டியது. காட்டிக்கொண்டே இறங்கியது. 5-க்குக் கீழே வந்ததும் பச்சை விளக்கு. க்யூஆர் வேலை செய்ய ஆரம்பித்துவிட்டது. போன் ஆப்பில் வெப்பநிலைக் கோடு காலையில் அறுந்து மாலையில் தொடங்குகிறது, நடுவே வெறும் வெள்ளை. பகலில் என்ன நடந்தது என்று அந்த மிஷினுக்குத் தெரியவே தெரியாது. வார்டன் அம்மா சொல்லியிருக்காவிட்டால் ராத்திரி ஷிப்ட் முடிந்து வரும் பெண்கள் அந்தத் தயிர்சாதத்தைத்தான் வாங்கிச் சாப்பிட்டிருப்பார்கள். எல்லாவற்றையும் அள்ளிக் கொட்டினேன். காலையில் எடுத்தவர்கள் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

மறுநாள் சர்வீஸ் தம்பி வந்தார். பின்பக்க கிரில்லைக் கழற்றி, மல்டிமீட்டரின் இரண்டு முனையையும் பேட்டரியில் வைத்தார். 13.6 வோல்ட். “பாருங்கக்கா, பதிமூணு புள்ளி ஆறு. பேட்டரி பக்காவா இருக்கு. உங்க ஏரியாவுல ஏதோ வோல்டேஜ் பிரச்சனை.” அதையே பில்லிலும் எழுதினார். இதுவரை செய்த ‘சோதனை’ எல்லாமே இதுதான் என்று அப்போதுதான் புரிந்தது.

செவ்வாய்ப்பேட்டையில் யுபிஎஸ் பழுதுபார்க்கும் அண்ணன் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போனேன். அவர் மீட்டரைத் தொடவே இல்லை. முதலில் ஃபிரிட்ஜின் பிளக்கைப் பிடுங்கினார். அப்புறம் பேட்டரியின் இரண்டு ஒயரையும் கழற்றி, பைக் பிரேக் லைட் பல்பு ஒன்றை, 12 வோல்ட் 21 வாட், அதில் மாட்டினார். பல்பு ஒரு தடவை பளிச்சென்று எரிந்தது. நான் ‘எரியுதே’ என்று சொல்லி முடிப்பதற்குள் மஞ்சளாகி, சிவப்பாகி, உள்ளே இழை மட்டும் தெரிந்தது. அதற்குப் பிறகுதான் மீட்டரை வைத்தார். 8-க்கும் கீழே. “இந்தப் பல்பு ஒண்ணே முக்கால் ஆம்பியர் இழுக்கும். ஏழு ஏஹெச் (ஆம்பியர்-அவர், பேட்டரியின் கொள்ளளவு) பேட்டரி நல்லா இருந்தா மூணு மணி நேரம் சாதாரணமா எரியணும்மா. அந்தத் தம்பி பார்த்தது பேட்டரியை இல்ல, சார்ஜரை.”

விஷயம் அவ்வளவுதான். பிளக் மாட்டியிருக்கும்போது அந்த இரண்டு முனையிலும் 13.5 முதல் 13.8 வரை எப்போதும் இருக்கும். அது சார்ஜர் தரும் வோல்டேஜ். செத்த பேட்டரியை வைத்தாலும் ஏறக்குறைய அதைத்தான் காட்டும். சார்ஜரைக் கழற்றிச் சில மணி நேரம் சும்மா வைத்துவிட்டுப் பார்த்தால், நல்ல பேட்டரி 12.7, 12.8 காட்டும், 12-க்குக் கீழே என்றால் காலி. அதுவும்கூட ஏமாற்றும். லோடு போட்டுப் பார்த்தால்தான் தெரியும்.

கொட்டேஷனில் போட்ட எட்டு மணி நேரம் பொய்யா என்றால், கணக்கில் பொய்யில்லை. 280 கிலோ பிடிக்கும் காந்தப் பூட்டு அரை ஆம்பியர், கன்ட்ரோலருக்குக் கொஞ்சம், ஏழு ஏஹெச் புது பேட்டரிக்கு அது சரியாக வரும். ஆனால் அவர்கள் பேட்டரியை உட்காரவைத்த இடம் கம்ப்ரசருக்கு ஒட்டினாற்போல, வெப்பக்காற்று வெளியேறும் வழியில். இந்த சீல் போட்ட ஈய பேட்டரிகளுக்கு 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் ஆயுள் ஏறக்குறையப் பாதியாகும். சேலத்துச் சித்திரை வெயிலில், கம்ப்ரசர் அறைக்குள், என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

அது மட்டுமில்லை. அண்ணன் பேட்டரியைத் திருப்பிப் பக்கவாட்டில் துடைத்தார். பிளாஸ்டிக்கிலேயே பதித்த தயாரிப்பு எண் இருந்தது. அதன் மேல் நிறுவனத்தின் ஸ்டிக்கரை ஒட்டி மறைத்திருந்தார்கள். உரித்துப் பார்த்தால், நான் ஃபிரிட்ஜ் வாங்கிய வருஷத்துக்கு ரொம்ப முந்தைய மாதம். எங்கேயோ குடோனில் சார்ஜ் ஏற்றாமல் கிடந்திருக்கிறது. இந்த வகை பேட்டரி சும்மா இருந்தாலே மாதத்துக்கு நூற்றுக்கு மூன்று போல இறங்கும், ஆறு மாதத்துக்கு ஒருமுறையாவது ஏற்றிவைக்காவிட்டால் தகடுகளில் சல்பேட் படிந்துவிடும். அதைத்தான் புது ஃபிரிட்ஜுக்குள் வைத்து என்னிடம் விற்றிருக்கிறார்கள். வெயிலைக் காரணம் சொன்னால்கூட ஒரு அளவுக்கு ஒத்துக்கொள்வேன், ஸ்டிக்கருக்கு என்ன காரணம் சொல்வார்கள்?

சரி, பேட்டரியை மாற்றினால் தீர்ந்தது என்று நினைத்து ஏற்காட்டு ஃபிரிட்ஜையும் பார்க்கப் போனோம். அங்கே காற்றும் மழையும் வந்தால் மரம் விழுந்து லைன் போவது வழக்கம், வந்துசேர நேரமாகும். மலைக்குளிரில் அந்த பேட்டரி நன்றாகவே இருந்தது. பல்பு சளைக்காமல் எரிந்தது. பூட்டும் மூடியே நின்றது. சந்தோஷமாகப் பிளக்கை மாட்டினோம். ஏறியிருந்த சூடு 5 டிகிரிக்கு இறங்கியவுடன், சாவி இல்லாமல், ரகசிய எண் கேட்காமல், தானாகப் பச்சை விளக்கு!

கன்ட்ரோலர் மெனுவைத் தோண்டிப் பார்த்தால் ‘ஆட்டோ ரீசெட்’ என்பதை ஆன் செய்து வைத்திருக்கிறார்கள், இரண்டு ஃபிரிட்ஜிலும். ஒவ்வொரு மின்தடைக்கும் வாடிக்கையாளர் போன் செய்து தொந்தரவு செய்யக் கூடாது என்பதற்காக இருக்கும். இவர்களுடைய விளம்பரத் தாளில் ‘அமெரிக்கத் தரம்’ என்று கொட்டை எழுத்து. அந்த அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகத்தின் (எஃப்டிஏ) உணவு விதித்தொகுப்பான ‘ஃபுட் கோடு’ என்ன சொல்கிறது தெரியுமா? மின்தடையாலோ பழுதாலோ மிஷினால் குளிரைக் காப்பாற்ற முடியாமல் போனால் விற்பனை தானாக நிற்க வேண்டும். ஆள் வந்து சரிசெய்து, புதுச் சாப்பாடு அடுக்கும்வரை நின்றபடியே இருக்க வேண்டும். சாப்பாடு அடுக்கிய பிறகு 5 டிகிரிக்கு மேல் இருக்க அனுமதி அரை மணி நேரம் மட்டும்தான். ஆட்டோ ரீசெட்டை ஆன் செய்த நிமிஷமே அந்தத் தரம் போய்விட்டது.

ஆகவே உங்களிடம் இந்த மாதிரி ஃபிரிட்ஜ் இருந்தால், அல்லது வாங்கப்போகிறீர்கள் என்றால், சர்வீஸ் ஆள் முன்னால் இதைச் செய்யச் சொல்லுங்கள். சாப்பாடு அடுக்காத நாளாகப் பாருங்கள். சுவரில் பிளக்கைப் பிடுங்கச் சொல்லுங்கள், மெனுவில் இருக்கும் ‘பேட்டரி டெஸ்ட்’ பட்டனை ஒப்புக்கொள்ளாதீர்கள். கதவு மூடியிருக்கிறதா என்று இழுத்துப் பாருங்கள். உள்ளே இருக்கும் சென்சாரை ஒரு டம்ளர் குழாய்த் தண்ணீரில் போட்டுவிட்டு டீ குடிக்கப் போங்கள். அரை மணி கழித்து வந்து ஸ்கேன் செய்தால் திறக்கக் கூடாது. திறந்தால் அங்கேயே பேச்சை முடித்துக்கொள்ளலாம். அப்புறம் அப்படியே விட்டு, பேட்டரி வோல்டேஜை அரை மணிக்கு ஒருமுறை அவரையே குறிக்கச் சொல்லுங்கள். 10.5-க்கு வந்ததும் நிறுத்திவிட வேண்டும், அதற்குக் கீழே இறக்கினால் நல்ல பேட்டரியும் கெடும். கொட்டேஷனில் எத்தனை மணி நேரம் போட்டிருக்கிறதோ அத்தனை மணி நேரம் வந்ததா என்று அந்தத் தாளில் தெரிந்துவிடும். கடைசியாகப் பிளக்கை மாட்டி, குளிர்ந்த பிறகும் பூட்டு மூடியே இருக்கிறதா என்று பாருங்கள். எங்களுக்குப் பாதி நாள் போனது. பரவாயில்லை, போகட்டும். “அவ்வளவு நேரம் நிக்க முடியாதுங்க” என்று சர்வீஸ் ஆள் சொன்னால், பில்லில் ‘சோதனை’ என்ற வார்த்தையை அடிக்கச் சொல்லுங்கள்.

நிறுவனத்திடம் போய்க் கேட்டதற்கு, பேட்டரி தேய்மானப் பொருள், வாரண்டியில் வராது, புதிது மாற்ற 4,800 ரூபாய் என்றார்கள். அதே ஏழு ஏஹெச் பேட்டரியைச் செவ்வாய்ப்பேட்டையில் 1,150-க்கு வாங்கி மாட்டினேன், தேதி பார்த்து. ஒயரை நீட்டி, பேட்டரியைக் கம்ப்ரசர் பக்கத்திலிருந்து எடுத்து ஃபிரிட்ஜின் மேலே ஒரு டப்பாவில் வைத்தாயிற்று. காந்தப் பூட்டையும் மாற்றிவிட்டேன். அதை அவர்கள் செலவில் மாற்றித் தர வேண்டும் என்பதுதான் இப்போது வழக்கு.

நுகர்வோர் ஆணையத்துக்குப் போவதாகச் சொன்னபோது, “நீங்க வியாபாரத்துக்கு வாங்கினது, நுகர்வோரே கிடையாது” என்று மிரட்டினார்கள். இதில் பலர் பயந்து பின்வாங்கிவிடுவார்கள் போல. 2019-ஆம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் வணிக நோக்கத்துக்கு வாங்கியவர்களை விலக்கியிருப்பது உண்மை. ஆனால் சுயதொழில் செய்து சொந்தப் பிழைப்புக்காக வாங்கிப் பயன்படுத்துபவர்களை விலக்கவில்லை, அதே பிரிவிலேயே விளக்கம் இருக்கிறது. நாம் இருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும், கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணமும் இல்லை. முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்தேன். அதற்குப் பிறகுதான் நிறுவனத்தின் குரல் இறங்கியது.

குரல் இறங்கிய பிறகு அவர்கள் கேட்ட முதல் விஷயம், “அந்தப் பழைய பேட்டரியைக் கொடுத்துடுங்கக்கா, எக்ஸ்சேஞ்ச்ல புதுசே தர்றோம்.” அதற்கு முன் 4,800 கேட்டவர்கள்! ஸ்டிக்கர் உரிந்த பேட்டரியும், ‘ஓகே’ சீல் வைத்த பில்களும் என் அலமாரியில் இருக்கின்றன. உங்கள் ஃபிரிட்ஜில் பேட்டரி மாற்ற வந்தாலும் பழையதை அவர்கள் கையில் கொடுத்துவிடாதீர்கள். பதித்த எண்ணைப் போட்டோ எடுத்து வைத்துக்கொண்டு, பிரச்சனை முடிந்த பிறகு பேட்டரிக் கடையில் போட்டால் ஈயத்துக்கு ஏதாவது கழித்துக் கொடுப்பார்கள்.