தடிச்சியும் ஆல்ஃபாவும்: ஓர் ஓநாய்க் காதல் நாவல்

ஓநாயாக உருமாறும் மனிதர்களின் காதல் கதைகளில் 'ரிஜெக்டட் மேட்' என்று ஒரு வகை: விதி சேர்த்துவைத்த துணையை (மேட்) ஓநாய்க் கூட்டத்தின் தலைவன் (ஆல்ஃபா) உதறிவிடுவான். அதற்கென்று பொதுவாக ஒரு சட்டம் உண்டு. ஆல்ஃபா அவளுடைய முழுப்பெயரைச் சொல்லி, கூட்டத்தின் முன்னால் 'நீ எனக்கு மேட் இல்லை' என்று அறிவிக்க வேண்டும். அவளும் அதை வாய்விட்டு ஏற்றால்தான் பிணைப்பு அறும். ஏற்காதவரை இருவருக்கும் வலி; உள்ளேயிருக்கும் ஓநாயும் படுத்துவிடும். பெரும்பாலான நாவல்கள் இந்த இழுபறியிலேயே 200 பக்கம் ஓட்டிவிடும். இந்த ஆங்கில மின்நூலில் நாயகி நான்காம் அத்தியாயத்திலேயே ஏற்றுக்கொண்டு நடையைக் கட்டுகிறாள். நல்ல துணிச்சல். ஆனால் இருபதாம் அத்தியாயத்தில் அவன் அடிபட்டால் இவளுக்கு விலா வலிக்கிறது. அறுந்தது எப்போது ஒட்டியது? ஒரு வரி விளக்கம்கூட இல்லை.

நாவலின் உயிர் ஒரு துணிப்பெட்டியில் இருக்கிறது. உருமாறும்போது உடுப்பு கிழிந்துபோகும் என்பதால், காட்டோரம் பெட்டி பெட்டியாக மாற்றுத்துணி வைத்திருப்பார்கள். மீடியம் இருக்கிறது, லார்ஜ் இருக்கிறது. இவள் அளவுக்கு மட்டும் எதுவும் கிடையாது. ஓநாயாக இருக்கும்வரை அவளை மிஞ்ச ஆளில்லை. மனுஷியாகத் திரும்பியதும் யாரோ ஒருவனின் சட்டையை முன்னால் பிடித்துக்கொண்டு மரத்துக்குப் பின்னால் நிற்கிறாள். 'குண்டு' என்ற சொல்லே வராமல் அந்தக் கூச்சத்தைக் காட்டியிருக்கிறார்கள். நாகர்கோவில் ஜவுளிக்கடையில் 'உங்க சைஸ் இல்லம்மா' என்று கேட்டுத் திரும்பியவர்களுக்கு அந்தப் பக்கம் சுருக்கென்று தைக்கும்.

அதன் பிறகுதான் சறுக்கல். புதிதாக வருபவன் 'நீ அழகி' என்று மூன்று அத்தியாயம் தொடர்ந்து சொல்கிறான், அவளுடைய கூச்சம் காணாமல் போகிறது. தாழ்வுணர்ச்சி அப்படித் தீராது. பெட்டியில் அவள் அளவுத் துணியை யாராவது வைத்தார்களா என்பதை நாவலே மறந்துவிட்டது.

ஆல்ஃபா பதவிக்கான கடிபிடிச் சண்டைகளும் அளவுக்கு மீறி நீள்கின்றன. சண்டையில் ஜெயிப்பவனே ஆல்ஃபா என்ற கருத்து, 1947-இல் ருடால்ஃப் ஷென்கல் என்ற விலங்கு ஆய்வாளர் அடைத்து வளர்த்த ஓநாய்களைப் பார்த்து எழுதியதிலிருந்து பரவியது. காட்டு ஓநாய்க் கூட்டம் பெரும்பாலும் அப்பா, அம்மா, பிள்ளைகள் கொண்ட ஒரு குடும்பம்தான் என்று ஓநாய் ஆய்வாளர் டேவிட் மெக் 1999-இல் எழுதிவிட்டார். கற்பனைக் கதைக்கு அது பாதகமில்லை, ஆனால் ஆறு சண்டை ரொம்ப அதிகம்.

இசக்கியம்மன் கோயில் கொடை விழாவில் நீலி கதையை வில்லுப்பாட்டாகக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு முடிவு சப்பென்றிருக்கும். நகைக்காகத் தன்னைக் கொன்றவனை மறுபிறவியிலும் விடாமல் துரத்தி, கள்ளிக்கொப்பைப் பிள்ளையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தவள் நம் நீலி. இந்த நாயகியோ, ஆல்ஃபா ஒருமுறை மண்டியிட்டதும் கண் கலங்குகிறாள்.

படுக்கையறைக் காட்சிகள் வெளிப்படையானவை, 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு ஆகாது. கடைசிப் பக்கம் அந்தரத்தில் நிற்கும், மிச்சத்துக்கு இரண்டாம் பாகத்தைக் காசு கொடுத்து வாங்க வேண்டும். பதினெட்டாம் அத்தியாயத்தோடு மூடிவைத்தாலும் கதை முடிந்த மாதிரிதான் இருக்கும். மீதி முழுக்க ஆல்ஃபாவின் மன்னிப்புப் படலம்.