பேலியோபயாலஜி டேட்டாபேஸ்: சிப்பிப் புதைபடிவங்களுக்கு எவ்வளவு நம்பலாம்?

இருவோட்டுச் சிப்பிகள் எந்தக் காலத்தில் எந்தக் கடலில் வாழ்ந்தன என்று தேட, இலவசத் தளங்களில், உலகப் புதைபடிவப் பதிவுகளின் தொகுப்பான பேலியோபயாலஜி டேட்டாபேஸுக்கு நிகராக இன்னொன்றைச் சொல்ல முடியவில்லை. கணக்குத் தொடங்காமலே தரவை இறக்கிக்கொள்ளலாம். ஆனால் இறக்கிய கோப்பை வடிகட்டாமல் வரைபடமாக்கினால் ஏமாந்துபோவோம்.

டிரைகோனிடா என்ற சிப்பி வரிசையைத் தேடிப் பாருங்கள். டைனோசர்கள் வாழ்ந்த மீசோசோயிக் காலத்தின் கடல்களில் உலகெங்கும் பரவியிருந்த இக்கூட்டத்தில் இன்று உயிரோடிருப்பது ஆஸ்திரேலியக் கடல்களின் நியோடிரைகோனியா மட்டுமே. தளத்தின் வரைபடப் பக்கமான நேவிகேட்டரில் பெயரை இட்டு, காலப்பட்டையில் மீசோசோயிக்கின் கடைசிப் பகுதியான கிரிட்டேசியஸைத் தேர்ந்தால் புள்ளிகள் பல கண்டங்களில் விழும். அக்காலக் கண்ட அமைப்புக்கு மாற்றினால் அரியலூர் வட்டாரமே நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே போய்விடும். இந்தியா அப்போது அங்கேதான் இருந்தது. இந்த வசதி ஒன்றுக்காகவே தளத்தைப் பாராட்டலாம். அதற்கு அடுத்த காலமான பேலியோஜீனில் ஆஸ்திரேலியாவுக்கு வெளியே ஒரு புள்ளி தெரிந்தால் மட்டும், மூலக் கட்டுரையைப் பார்க்காமல் ஏற்காதீர்கள்.

பதிவிறக்கும்போது அக்காலக் கண்ட அமைப்பின்படியான அமைவிடத்தையும் சேர்த்துக் கேளுங்கள். எந்தப் பதிவு அந்தக் காலத்தில் சேரும் என்று முடிவுசெய்யும் கால விதி இயல்பாகத் தளர்வாக இருக்கும். பதிவின் வயது முழுவதும் நீங்கள் கேட்ட காலத்துக்குள் அடங்கும்படி இறுக்குங்கள். வயது வீச்சு 1 கோடி ஆண்டைத் தாண்டும் பதிவுகளை நீக்கிவிடுவது நல்லது. கேள்விக்குறியோ 'சிஎஃப்.' (உறுதியில்லை, ஒத்திருக்கிறது) குறியோ உள்ள பெயர்களைத் தனியே ஒதுக்குங்கள். முதலில் இட்ட பெயர், இன்று ஏற்கப்பட்ட பெயர் இரண்டும் கோப்பில் வரும். இரண்டாவதைக் கொண்டே எண்ணுங்கள். புதைபடிவ ஆய்வாளர் ஃபெர்டினாண்ட் ஸ்டோலிச்கா 1870-71இல் தென்னிந்தியச் சிப்பிகளை விவரித்த காலத்தில் 'டிரைகோனியா' என்ற பெயர் மிக விரிந்த பொருளில் வழங்கியது. பின்னர் அது பல பேரினங்களாகப் பிரிக்கப்பட்டது.

பெரிய சிக்கல் வெற்றிடங்களில்தான். டிரைகோனியாவின் ஓடு அரகோனைட் என்ற கனிமத்தால் ஆனது. பாறைக்குள் எளிதில் கரைந்துவிடும். ஆளிகளின் (ஆய்ஸ்டர் சிப்பிகள்) ஓடு பெரும்பாலும் கால்சைட் என்ற உறுதியான கனிமம் என்பதால் நிலைக்கும். ஆகவே ஓர் இடத்தில் டிரைகோனியா இல்லை என்று முடிவுகட்டுமுன், அதே சேகரிப்பில் (ஓரிடத்தில் ஒன்றாகத் திரட்டிய பதிவுத் தொகுதி) வேறு அரகோனைட் சிப்பிகள் பதிவாகியுள்ளனவா என்று பாருங்கள். இருந்தால் அந்த 'இல்லை'க்கு மதிப்புண்டு. ஆளி மட்டுமே இருந்தால் அந்தச் சேகரிப்பைக் கணக்கிலிருந்து எடுத்துவிடுங்கள். தளம் இதைத் தானாகச் செய்து தராது.

ஐரோப்பா, வட அமெரிக்கப் பதிவுகள் அதிகம் என்பதால் கண்டங்களுக்கிடையே வெறும் எண்ணிக்கையை ஒப்பிடவும் கூடாது. பரவலின் எல்லைகளை அறியவும் மூலக் கட்டுரைகளைத் தேடிப் பிடிக்கவும் தாராளமாகப் பரிந்துரைப்பேன். களப்பயணத்துக்கு வேண்டாம்: பழைய சேகரிப்புகள் பலவற்றின் ஆயத்தொலைவுகள் பக்கத்து ஊரை வைத்துக் குத்துமதிப்பாக இடப்பட்டவை.