கேஷ் எஸ்எஸ்டி பழுது: உடனே உருவுவதா, முதலில் கேஷைப் பிரிப்பதா?

ஸ்டோரேஜ் அர்ரேயில், அதாவது பல டிஸ்க்குகள் சேர்ந்த சேமிப்பகத்தில், மெதுவான ஹார்ட் டிஸ்க்குகளுக்கு முன்னால் வேகத்துக்காக வைக்கும் கேஷுக்காகப் போட்ட எஸ்எஸ்டி மக்கர் பண்ணத் தொடங்கினால் அட்மின்கள் இரண்டு கட்சியாகிவிடுகிறார்கள். எரர் காட்டும் டிரைவை உருவிவிட்டுப் புதியதைச் செருகு என்பது ஒரு கட்சி. டிரைவில் கை வைக்காதே, மென்பொருள் வழியாகக் கேஷைப் பிரித்துவிட்டு அப்புறம் பார்க்கலாம் என்பது இன்னொன்று. என் ஓட்டு இரண்டாவதுக்கு. முதல் வழியே போதும் என்ற இடங்களும் உண்டு. எந்த இடம் எது என்பதை அந்த டிரைவில் அந்த நேரத்தில் என்ன கிடக்கிறது என்பதுதான் தீர்மானிக்கிறது.

படிப்பதை மட்டும் வேகப்படுத்தும் ரீட் கேஷ் என்றால் கவலையே வேண்டாம். அதில் இருப்பதெல்லாம் நகல். இசட்எஃப்எஸ் என்ற ஃபைல் சிஸ்டத்தின் ரீட் கேஷான எல்2 ஆர்க் ஒவ்வொரு பிளாக்கையும் செக்சம் (டேட்டா மாறாமல் இருக்கிறதா என்று காட்டும் கணக்கு எண்) வைத்துச் சரிபார்க்கிறது. தப்பாக வந்தால் மூல டேட்டா இருக்கும் டிஸ்க் தொகுப்பான பூலிலிருந்தே படித்துக்கொள்கிறது. டிரைவ் அடியோடு செத்தாலும் போவது வேகம் மட்டும்தான். ரைட்-த்ரூ முறையில் ஓடும், லினக்ஸின் எல்விஎம் கேஷும் பி-கேஷும் இதே வகை, ஏனென்றால் எழுதியது எல்லாம் அப்போதே பின்னாலுள்ள ஹார்ட் டிஸ்க்குக்கும் போய்விடுகிறது. இங்கே உடனே உருவினாலும் டேட்டா போகாது. சீரியல் எண்ணை மட்டும் ஒரு தடவைக்கு இரண்டு தடவை ஒப்பிட்டுப் பாருங்கள். பக்கத்து ஸ்லாட்டில் அதே மாடல் டிரைவ் இசட்எஃப்எஸ்ஸின் ஸ்பெஷல் விடெவ்வாக உட்கார்ந்திருக்கலாம். அது கேஷ் கிடையாது. பூலின் மெட்டாடேட்டாவே (எந்த டேட்டா எங்கே என்ற குறிப்பு) அதில்தான் இருக்கும். மிரர் (அதே டேட்டாவை வைத்திருக்கும் ஜோடி டிரைவ்) இல்லாமல் அது போனால் பூலே போச்சு.

எழுதுவதை முதலில் எஸ்எஸ்டியில் வாங்கிக்கொண்டு பிறகு ஹார்ட் டிஸ்க்குக்கு அனுப்பும் ரைட்-பேக் கேஷில்தான் அவசரம் ஆபத்தாகிறது. ஹார்ட் டிஸ்க்குக்கு இன்னும் போய்ச் சேராத டர்ட்டி டேட்டா எஸ்எஸ்டியில் மட்டுமே இருக்கிறது. அந்த நிலையில் டிரைவை உருவினால் கடைசியாக எழுதிய சில ஃபைல்களோடு இழப்பு நிற்காது. ஃபைல் சிஸ்டத்தின் மெட்டாடேட்டாவிலும் பாதி புதிது, பாதி பழையது என்று ஆகி, மொத்த வால்யூமும் மவுண்ட் ஆகாமல் போகலாம். பி-கேஷில் டிட்டாச் கொடுத்தாலும் எல்விஎம்மில் அன்கேஷ் கொடுத்தாலும், டர்ட்டி டேட்டாவை முதலில் பின்னுக்குத் தள்ளிவிட்டுத்தான் கேஷ் விலகும். தேய்ந்துபோன எஸ்எஸ்டி பல சமயம் எழுத மறுத்தாலும் படிக்க விடும். ரீட்-ஒன்லி நிலைக்குப் போய்விட்டதைச் சொல்ல என்விஎம்இ வகை எஸ்எஸ்டி தரும் கிரிட்டிக்கல் வார்னிங்கில் தனியே ஒரு பிட்டே இருக்கிறது. டேட்டாவை மீட்கக் கிடைக்கும் வாய்ப்பு அந்த இடைவெளிதான். ரீபூட் செய்தால் டிரைவ் திரும்பி வராமலே போகலாம் என்பதால் அதற்கு முன்பே கேஷைப் பிரித்து முடித்துவிடுங்கள்.

இசட்எஃப்எஸ்ஸின் ஸ்லாக் (எழுதுவதைப் பதிந்துவைக்கும் தனி லாக் டிரைவ்) இரண்டுக்கும் நடுவே நிற்கிறது. அதில் எழுதப்படும் சிங்க் ரைட்கள் (பத்திரமாகப் பதிந்த பிறகே முடிந்ததாகக் கணக்காகும் ரைட்கள்) ரேமிலும் இருக்கும். வழக்கமாக 5 விநாடிக்குள் பூலுக்குப் போய்விடும். ஸ்லாக் மட்டும் செத்தால் ஒன்றும் இழப்பதில்லை. ஸ்லாக் சாவதும் சர்வர் விழுவதும் ஒன்றாக நடந்தால்தான் அந்தக் கடைசி விநாடிகள் போகும். எனவே ஓடிக்கொண்டிருக்கும்போதே ஸ்லாக்கை ரிமூவ் செய்துவிடுவது நல்லது.

பல சர்வர்கள் சேர்ந்த கிளஸ்டர்களில் கணக்கு வேறு. விஎம்வேரின் சேமிப்பு மென்பொருளான விசானின் பழைய கட்டமைப்பில் ஒரு கேஷ் டிரைவ் போனால் அதன் கீழுள்ள டிஸ்க் குரூப் முழுவதும் போனதாகவே கணக்கு. அங்கே பிரிப்பது என்றால் குரூப்பிலுள்ள டேட்டாவை வேறு இடத்துக்கு நகர்த்துவதுதான். அதற்கு மணிக்கணக்கில் ஆகும். விண்டோஸின் ஸ்டோரேஜ் ஸ்பேசஸ் டைரக்ட், மிச்சமுள்ள கேஷ் டிரைவோடு ஹார்ட் டிஸ்க்குகளைத் தானே இணைத்துக்கொள்ளும்.

பிரிப்பதால் இன்னொரு பெரிய லாபம், நோயை நிதானமாகக் கண்டுபிடிக்கலாம். முழுதாகச் சாகாமல் இழுத்துக்கொண்டிருக்கும் எஸ்எஸ்டிதான் அதிகம் படுத்தும்: ஒரு ரைட் திடீரென்று சில விநாடி தொங்கும், அர்ரே முழுக்க மந்தமாகும், பழி ஹார்ட் டிஸ்க்குகள் மேல் விழும். கேஷைப் பிரித்ததும் அந்தத் தொங்கல் நின்றால் குற்றவாளி கேஷ் பாதையில்தான் இருக்கிறது. இனி டிரைவ் தன் உடல்நிலையைத் தானே சொல்லும் ஸ்மார்ட் அறிக்கையைப் பாருங்கள். சாட்டா டிரைவில் 199ஆம் எண், அதாவது டேட்டா வழியில் கெடுவதைக் காட்டும் சிஆர்சி எரர் எண்ணிக்கை, மட்டும் ஏறிக்கொண்டே போனால் சந்தேகம் கேபிள் மேலோ, டிரைவ்கள் செருகும் பேக்பிளேன் போர்டு மேலோதான் விழ வேண்டும். டிரைவை வேறு ஸ்லாட்டுக்கு மாற்றுங்கள். எரரும் கூடவே போனால் டிரைவ் கெட்டது. பழைய ஸ்லாட்டில் வைத்த வேறு டிரைவுக்கும் எரர் வந்தால் ஸ்லாட் கெட்டது. என்விஎம்இயில் அவைலபிள் ஸ்பேர் (மிச்சமுள்ள உபரி இடம்), பர்சென்டேஜ் யூஸ்டு (ஆயுளில் தேய்ந்த சதவீதம்), மீடியா எரர் மூன்றும் முக்கியம். இவை நன்றாக இருந்தும் டிரைவ் காணாமல் போய்ப் போய் வந்தால் கர்னல் லாகில், அந்த டிரைவ் இணையும் பாதையான பிசிஐஇயின் எரர்களைத் தேடுங்கள். உடனே உருவும் கட்சியினர் இந்த இடத்தில்தான் நல்ல டிரைவைத் தூக்கி எறிந்துவிட்டு, புதியதும் அதே ஸ்லாட்டில் சாவதைப் பார்க்கிறார்கள்.

மிரர் போட்டுவிட்டால் இந்தத் தலைவலியே இல்லை என்பார்கள். ரைட்-பேக் கேஷுக்கு மிரர் கட்டாயம், ஆனால் அது மட்டும் போதாது. மிரரின் இரண்டு டிரைவும் ஒரே அளவு எழுதப்படுவதால் ஒரே வேகத்தில் தேய்கின்றன. டிரைவுக்குள்ளேயே ஓடும் மென்பொருளான ஃபர்ம்வேரின் கோளாறு இன்னும் மோசம். 2019இல் சர்வர் நிறுவனமான எச்பிஇ ஒரு எச்சரிக்கை விட்டது: எஸ்ஏஎஸ் இணைப்பு கொண்ட சில எஸ்எஸ்டிகள் 32,768 மணி நேரம் ஓடி முடித்ததும் செத்துவிடும், டேட்டாவும் திரும்பாது என்று. ஒரே நாளில் போட்ட ஜோடி அப்படி ஒரே நேரத்தில் விழுந்திருக்கும். ஒரு டிரைவ் பழுதானதும் மற்றதன் ஓடிய மணி நேரத்தையும் ஃபர்ம்வேர் எண்ணையும் பார்ப்பதே முதல் வேலை. மாற்று டிரைவை வேறு மாடலாகவோ வேறு தயாரிப்புத் தொகுதியாகவோ வாங்குங்கள், மின்வெட்டைத் தாங்கும் கெப்பாசிட்டர் உள்ளதாகவும் இருக்கட்டும்.

மூன்றாவது வழியும் ஒன்று உண்டு: கேஷே இல்லாமல் ஓட்டுவது. பிரித்துவிட்டுச் சில நாள் விட்டும் யாரும் மந்தம் என்று சொல்லவில்லையென்றால், எல்2 ஆர்க்கின் ஹிட் விகிதமும் (கேட்ட டேட்டா அதிலேயே கிடைத்த விகிதம்) அதற்கு முன் சொற்பமாகவே இருந்திருந்தால், புது எஸ்எஸ்டிக்கு வைத்த பணத்தில் ரேம் வாங்கிப் போடுங்கள்.