புட்டபர்த்தியிலிருந்து இரண்டு நாள்: லேபாக்ஷி பக்கமா, தாடிபத்ரி பக்கமா?

சித்தூர், பலமநேர், குப்பம் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களுக்குப் புட்டபர்த்தி புதிய ஊரில்லை. ஆனால் போகிறவர்கள் பெரும்பாலும் சத்ய சாயிபாபாவின் ஆசிரமமான பிரசாந்தி நிலையத்தில் அவர் சமாதி தரிசனம், மாலை பஜனை, ஓர் இரவு தங்கல் என்று முடித்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். அந்த ஊரைச் சுற்றி இருப்பதைப் பார்க்காமல் வருகிறார்களே என்பது என் நெடுநாள் வருத்தம்.

ஆந்திராவில் சித்ராவதி ஆற்றங்கரையிலுள்ள சின்ன ஊர் அது. 1981-ல் தொடங்கிய சத்ய சாயி பல்கலைக்கழகம் இருப்பதால் மாணவர் நடமாட்டம் உண்டு. 2022 முதல் மாவட்டத் தலைநகரமும்கூட. சுற்றிலும் வறண்ட பூமி. தென்மேற்குப் பருவக்காற்றை மேற்குத் தொடர்ச்சி மலை மறித்துவிடும். வடகிழக்கு மழையும் கடற்கரையிலிருந்து இவ்வளவு தூரம் வருவதற்குள் ஓய்ந்துவிடும். ஆண்டுக்குச் சுமார் 550 மில்லிமீட்டர் மழைதான். பாறைக் குன்றுகள், வேர்க்கடலைக் காடுகள், முள். ஆகவே நவம்பரிலிருந்து பிப்ரவரிக்குள் போவது நல்லது. நவம்பர் 23 சாயிபாபா பிறந்தநாள் என்பதால் அந்த வாரம் மட்டும் வேண்டாம், அறை கிடைப்பது கஷ்டம்.

இங்கே தங்கிக்கொண்டு இரண்டு பக்கம் போகலாம். வடக்கே தாடிபத்ரி, பேலம் குகை, கண்டிகோட்டை. தெற்கே பெனுகொண்டா, லேபாக்ஷி. தெற்குப் பயணத்தோடு, வடமேற்கே இருந்தாலும் தூரம் குறைந்த, தர்மவரம் பக்கத்து நிம்மலகுண்டாவையும் சேர்த்துக்கொள்ளலாம்.

சிற்பம் மட்டுமே அளவுகோல் என்றால் வடக்குதான் உயர்த்தி. தாடிபத்ரியில் வடபெண்ணையாற்றங்கரை புக்கா ராமலிங்கேஸ்வரர் கோயிலின் முடிக்கப்படாத கோபுரங்களில், அடியிலிருந்தே விரல் வைக்க இடமில்லாமல் செதுக்கியிருக்கிறார்கள். சிந்தல வெங்கடரமணர் கோயிலில் கல்தேர் இருக்கிறது. பேலம் குகை 3,229 மீட்டர் நீளம். உள்ளே புழுக்கம் தாங்காது, மூச்சுத் திணறல் உள்ளவர்கள் இறங்க வேண்டாம். கண்டிகோட்டையில் ஆறு அறுத்த பள்ளத்தாக்கும் கோட்டைக்குள் மசூதியும் மாதவராயர் கோயிலும் உண்டு. எல்லாம் சரி, ஆனால் புட்டபர்த்தியிலிருந்து தாடிபத்ரிக்கே 100 கிலோமீட்டருக்கு மேல். கண்டிகோட்டை அதையும் தாண்டி. இரண்டு நாளில் பாதி வண்டியிலேயே போய்விடும். வயதானவர்களும் பிள்ளைகளும் கூட வந்தால் மூன்றாவது இடத்தில் யாரும் கீழே இறங்கக்கூட மாட்டார்கள். அதைத் தனிப் பயணமாக, தாடிபத்ரியிலோ ஜம்மலமடுகிலோ தங்கிப் பாருங்கள்.

தெற்கில் தூரம் குறைவு, நின்று பார்க்க நேரம் இருக்கும். லேபாக்ஷிக்கு அந்த நேரம் கட்டாயம் வேண்டும். விஜயநகர மன்னர் அச்சுதராயர் காலத்தில், 16-ஆம் நூற்றாண்டில், விருபண்ணா, வீரண்ணா என்ற சகோதரர்கள் எழுப்பிய வீரபத்திரர் கோயில் அது. வருகிறவர்கள் தரையைத் தொடாத தூணுக்கு அடியில் துணியை விட்டு இழுப்பார்கள், ஒற்றைக்கல் நந்தி முன்னால் படம் எடுப்பார்கள், கிளம்பிவிடுவார்கள். தலையை நிமிர்த்தி மேலே பார்ப்பவர்கள் குறைவு. கூரை முழுக்க ஓவியம்! பார்வதி கல்யாணம், அர்ச்சுனன் தவம், சிவனும் பார்வதியும் ஆடும் சொக்கட்டான். அவற்றின் நடுவே நம் மனுநீதிச் சோழன் கதையும் இருக்கிறது. திருவாரூர்க் கதையைத் தெலுங்கு மண்ணில், விஜயநகரத்து ஓவியன் கையில் பார்க்கும்போது மனசு நிறைந்துவிடுகிறது. பெண்கள் கட்டியிருக்கும் புடவைகளின் கரைகளைக் கவனியுங்கள். ஒன்றுபோல் ஒன்று இல்லை. காலையிலேயே போய்விடுங்கள், பகல் ஏறினால் வெளி முற்றத்துக் கல்லில் கால் வைக்க முடியாது.

மறுநாள் நிம்மலகுண்டா போகச் சொல்வேன். தர்மவரத்துக்கு அருகே தோல்பாவை செய்யும் கிராமம். ஆட்டுத்தோலை வெளிச்சம் ஊடுருவும் அளவுக்குப் பதப்படுத்தி, பொட்டுப் பொட்டாகத் துளையிட்டு, வண்ணம் தீட்டுகிறார்கள். இந்த ஊர்க் கலைஞர் தளவாய் சலபதி ராவுக்கு 2020-ல் பத்மஸ்ரீ கிடைத்தது. கன்னியாகுமரிப் பக்கத்துத் தோல்பாவைக்கூத்துக் குடும்பங்களைப் போலவே இவர்களும் வீட்டில் மராத்தி பேசும் மரபினர். லேபாக்ஷிக் கூரையைப் பார்த்த கண்ணோடு இங்கே வந்தால், பக்கவாட்டு முகத்தில் அந்தப் பெரிய கண்ணும் புடவைக் கட்டும் பாவையிலும் தெரியும். இரண்டையும் அடுத்தடுத்த நாளில் பார்க்க முடிவதால்தான் தெற்கைத் தேர்ந்தெடுக்கிறேன். கூத்து நடப்பது குறைந்துபோய் இப்போது விளக்குக் கூடும் சுவர்ப் படமும்தான் அதிகம் விற்கின்றன. பேரம் பேசாமல் வாங்குங்கள், அது அவர்களுடைய பல நாள் உழைப்பு.

பெனுகொண்டாவுக்கு அரை நாள் போதும். 1565 தலைக்கோட்டைப் போருக்குப் பிறகு விஜயநகர அரசு இங்கேதான் ஒதுங்கியது. பிறகு நம் சந்திரகிரிக்கும் வேலூருக்கும் போனது. இங்குள்ள ககன் மகால் அரண்மனையைப் பார்த்தால் சந்திரகிரி அரண்மனை நினைவுக்கு வரும். ஊரில் பாபய்யா தர்காவும் இருக்கிறது.

சாப்பாட்டில் இரு பக்கமும் பெரிய வித்தியாசமில்லை. களியும் வேர்க்கடலைச் சட்னியும் நமக்குப் பழகியவை. காலையில் பொரியில் செய்யும் உக்கானியை மிளகாய் பஜ்ஜியோடு சாப்பிட்டுப் பாருங்கள்.

போக்குவரத்தும் தெற்குக்கே சாதகம். சித்தூர்க்காரர்கள் பாகாலா போய், அங்கிருந்து மதனப்பள்ளி ரோடு, கதிரி வழியாகத் தர்மவரம் போகும் ரயில் பாதையைப் பிடிக்கலாம். குப்பத்துக்காரர்களுக்கு பெங்களூரு போய் மாறுவதே சுலபம். சொந்த வண்டி என்றால் திரும்பும்போது கதிரியில் நரசிம்மரைப் பார்த்துவிட்டு, பக்கத்தில் திம்மம்மா மர்ரிமானு ஆலமரத்துக்கும் போய்வாருங்கள். ஏறக்குறைய ஐந்து ஏக்கருக்கு விரிந்து நிற்கிறது. பிள்ளைகளுக்கு அங்கே ஒரு மணி நேரமாவது கொடுங்கள்.