ஆடியவர்கள், நிறுத்தியவர்கள், தள்ளிவைத்தவர்கள்: 2020இன் அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்து

2020 ஆகஸ்ட் 11 அன்று பிக் டென், பேக்-12 என்ற இரண்டு பெரிய கல்லூரி லீக்குகள் அந்த ஆண்டின் கால்பந்து சீசனை நிறுத்திவைத்தன. எஸ்.இ.சி., ஏ.சி.சி., பிக் 12 ஆகிய மற்ற மூன்றும் ஆடியே தீருவோம் என்றன. பரவியது ஒரே கொரோனா, ஆடப்போவது ஒரே ஆட்டம், மேசையில் இருந்த மருத்துவத் தகவல்களும் ஏறக்குறைய ஒன்றுதான். முடிவு மட்டும் வடக்கும் தெற்குமாகப் போனது.

ஒஹாயோவில் இருக்கும் எங்கள் வீட்டிலும் அதே மாதம் இதே கேள்வி வந்து உட்கார்ந்தது. மகன் பள்ளி அணியில் இருந்தான். ஆகஸ்ட் கடைசியில் ஆட்டம் தொடங்கும், விருப்பமுள்ளவர்கள் வரலாம் என்று பள்ளி சொல்லிவிட்டது. விமானங்கள் நின்றுபோனதால் மதுரைக்குத் திரும்ப முடியாமல் என் மாமியார் எங்களோடு இருந்தார். பல வருடச் சர்க்கரை நோயாளி. அந்த சீசன் வேண்டாம் என்று முடிவெடுத்தோம். மகன் ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஆகவே நான் நடுநிலையாளன் இல்லை. தள்ளிவைத்தவர்கள் பக்கம்தான் என் சாய்வு என்பதைத் தெரிந்துகொண்டு மேலே படியுங்கள்.

கிரிக்கெட் பார்த்து வளர்ந்தவர்களுக்கு ஒரு வார்த்தை. இது மெஸ்ஸி ஆடும் கால்பந்து இல்லை. ஒவ்வொரு முறை பந்து நகரும்போதும் இருபுறமும் நிற்கும் ஆஜானுபாகுவான ஆட்கள் ஒருவர் மீது ஒருவர் மோதி, ஒருவர் மூச்சு இன்னொருவர் முகத்தில் அடிக்கக் கட்டிப் புரளும் ஆட்டம். முதல்நிலை அணி ஒன்றில் ஸ்காலர்ஷிப் பெறுபவர்கள் மட்டுமே அன்றைய விதிப்படி 85 பேர் வரை இருக்கலாம். மற்றவர்களையும் சேர்த்தால் நூறைத் தாண்டும். சமூக இடைவெளி என்ற சொல்லுக்கு இங்கே வேலையே கிடையாது.

பணத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கால்பந்து வருமானத்தில்தான் நீச்சலும் ஜிம்னாஸ்டிக்ஸும் மல்யுத்தமும் பிழைக்கின்றன. 2020 ஜூலையில் ஸ்டான்ஃபோர்டு 11 விளையாட்டுகளை நிறுத்தப்போவதாக அறிவித்தது. அடுத்த மே மாதம் அந்த முடிவைத் திரும்பப் பெற்றது. மிச்சிகன் மைதானத்தில் ஒரு லட்சத்து ஏழாயிரத்துக்கும் மேல் உட்காரலாம். அந்த ஆண்டு பிக் டென் ஆட்டங்களுக்குப் பொதுமக்களுக்கு டிக்கெட்டே விற்கவில்லை. தொலைக்காட்சிப் பணம் மட்டும் மிச்சம். முன்னுதாரணம் தேடியவர்கள் 1918ஐ எடுத்துக்கொண்டு வந்தார்கள். ஸ்பானிஷ் காய்ச்சல் காலத்தில் ஜார்ஜியா டெக் மைதானத்தில் முகக்கவசத்தோடு உட்கார்ந்திருக்கும் ரசிகர்களின் புகைப்படம் அப்போது எல்லார் கைப்பேசியிலும் சுற்றியது. அந்த ஆண்டும் சில கல்லூரிகள் ஆடின, மிசூரி போன்றவை ஆடவே இல்லை. அந்தப் படத்தை இரண்டு தரப்பும் தமக்குச் சாதகமாகவே காட்டின.

முழுதாக நிறுத்தியவர்களுக்கும் அதிக இடம் தேவையில்லை. ஐவி லீக் ஜூலை 8ஆம் தேதியே, அந்த ஆண்டு முடியும்வரை எந்த விளையாட்டும் இல்லை என்று அறிவித்தது. ஹார்வர்டுக்கும் யேலுக்கும் அது சுலபம். அங்கே விளையாட்டுக்கென ஸ்காலர்ஷிப் கிடையாது, கால்பந்தை நம்பி அடுப்பு எரிவதும் இல்லை. அவர்களுடைய முடிவைப் பாராட்டலாம். அலபாமாவுக்கு உபதேசமாகச் சொல்ல முடியாது.

ஆடியவர்களுக்கு உரிய மதிப்பைக் கொடுத்துவிடுகிறேன். ஆடுவது என்று முடிவாகிவிட்டால், அதை எஸ்.இ.சி. செய்த மாதிரிதான் செய்ய வேண்டும். அவசரப்படாமல் செப்டம்பர் 26 வரை காத்திருந்தார்கள். வெளி லீக் அணிகளை வெட்டிவிட்டுத் தங்களுக்குள் பத்து ஆட்டம் மட்டும் வைத்தார்கள். நடுவில் ஓய்வு வாரம், டிசம்பரில் ஒரு காலி சனிக்கிழமை, இறுதி ஆட்டம் டிசம்பர் 19. ஓர் அணியில் தொற்று கிளம்பினால் ஆட்டத்தை நகர்த்திவைக்க அட்டவணையில் இடம் இருந்தது. அந்த லீக்கின் அலபாமா 13 ஆட்டங்களில் பதின்மூன்றையும் வென்று, 2021 ஜனவரி 11 அன்று மயாமி கார்டன்ஸில் ஒஹாயோ ஸ்டேட்டை 52-24 என்று கவிழ்த்துத் தேசியக் கோப்பையை எடுத்துக்கொண்டு போனது.

பிக் டென் கதையைப் பாருங்கள். ஆகஸ்டில் நிறுத்தி, செப்டம்பர் 16 அன்று மனம் மாறி, அக்டோபர் 23 வாக்கில் தொடங்கி, எட்டு வாரத்தில் எட்டு ஆட்டம் என்று திணித்தார்கள். தொற்று உறுதியான வீரர் 21 நாள் வெளியே இருக்க வேண்டும் என்ற விதி வேறு. விதி நல்லதுதான், அதைத் தாங்கும் அட்டவணைதான் இல்லை. விஸ்கான்சின் முதல் ஆட்டத்தில் இலினாயை நொறுக்கியது. அதில் 21 முறை பந்தை எறிந்து 20 முறை குறி தவறாத இளம் குவாட்டர்பேக்குக்கு அடுத்த சில நாட்களில் தொற்று. அடுத்த இரண்டு ஆட்டங்களும் ரத்து. நகர்த்திவைக்க வேறு தேதியே கிடையாது. லீக்கின் இறுதி ஆட்டத்துக்குத் தகுதி பெற ஆறு ஆட்டம் ஆடியிருக்க வேண்டும் என்று அவர்களே வைத்த விதியை, ஐந்து மட்டுமே ஆடிய ஒஹாயோ ஸ்டேட்டுக்காக டிசம்பரில் அவர்களே தளர்த்தினார்கள். 1918 முதல் ஆண்டு தவறாமல் நடந்துவந்த ஒஹாயோ ஸ்டேட் - மிச்சிகன் ஆட்டம் அந்த முறை நடக்கவில்லை. எங்கள் தெருவில் சில வீடுகளில் துக்கம் விழுந்ததுபோல இருந்தது. நிறுத்துவதென்றால் நிறுத்தியிருக்க வேண்டும், ஆடுவதென்றால் செப்டம்பரிலேயே ஆடியிருக்க வேண்டும். இரண்டு குதிரையில் கால் வைத்த இந்த ஏற்பாட்டை என் சாய்வை வைத்துக்கொண்டுகூட நியாயப்படுத்த முடியாது.

ஆடியவர்கள் பக்கமும் எல்லாம் ஒழுங்காக நடந்துவிடவில்லை. தன் வீரர்களில் பெரும்பாலோருக்குத் தொற்று வந்துபோய்விட்டது என்று லூசியானா ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் (எல்.எஸ்.யூ.) பயிற்சியாளர் எட் ஆர்ஜரான் செப்டம்பரில் சாதாரணமாகச் சொன்னார். நவம்பர் 21 அன்று கிளெம்சன் அணி ஃபுளோரிடா வரை போய் இறங்கிய பிறகு, உடன் பயணித்த ஒருவருக்குத் தொற்று உறுதியானது. இரு தரப்பு மருத்துவக் குழுக்களுக்கும் உடன்பாடு வரவில்லை. ஆட்டம் தொடங்கச் சில மணி நேரம் இருக்கும்போது கைவிட்டார்கள். அதற்கடுத்த வாரம் வாண்டர்பில்ட் அணியில் பந்தை உதைக்கும் வீரர்கள் தனிமைப்படுத்தலில் முடங்கிவிட, பெண்கள் சாக்கர் அணியின் கோல்கீப்பர் சாரா ஃபுல்லரை அழைத்து ஆடவிட்டார்கள். ஐந்து பெரிய லீக்குகளின் கால்பந்து ஆட்டத்தில் இறங்கிய முதல் பெண் அவர். அந்த வரலாற்றுச் சாதனைக்கு நான் கைதட்டினேன். அணி எந்த நிலைக்கு வந்திருந்தது என்பதும் அதே காட்சியில் தெரிந்தது.

இனி, என் சாய்வுக்கு உண்மையான காரணம். தொற்று விகிதமோ இதயப் பரிசோதனையோ அல்ல. ‘நான் வரவில்லை’ என்று சொல்ல யாருக்கு முடிந்தது என்பதே எனக்குப் பெரிய கேள்வி.

எங்கள் மகனுக்கு முடிந்தது. அவன் ஆடாவிட்டால் பள்ளிப் படிப்பு நிற்காது, சோறு நிற்காது. பயிற்சியாளருக்கு நான் எழுதிய நான்கு வரிக் கடிதத்துக்கு, அடுத்த வருடம் பார்ப்போம் என்று ஒரு வரியில் பதில் வந்தது. அவ்வளவுதான்.

தொழில்முறை வீரர்களுக்கும் முடிந்தது. தொழில்முறை லீக்கான என்.எஃப்.எல். வீரர்களுக்குச் சங்கம் இருக்கிறது. அது நிர்வாகத்தோடு உட்கார்ந்து பேசி, விலகுவதற்கு விலையை எழுத்தில் வாங்கியது. நோய் ஆபத்து அதிகமுள்ளவர் விலகினால் மூன்றரை லட்சம் டாலர், மற்றவர் விலகினால் ஒன்றரை லட்சம் டாலர் முன்பணம். 60க்கும் மேற்பட்டவர்கள் அதைப் பயன்படுத்தி வீட்டில் இருந்தார்கள்.

இந்த இருவருக்கும் நடுவில் மாட்டியவன் கல்லூரி வீரன். அப்போது சம்பளம் கிடையாது, சங்கம் கிடையாது. படிப்பும் தங்கும் அறையும் சாப்பாடும் ஸ்காலர்ஷிப்பில் தொங்கின. அந்த ஜூன் மாதம் பல கல்லூரிகள், தொற்று அபாயம் தெரிந்தே வருகிறேன் என்ற பொருளில் உறுதிமொழிக் காகிதங்களை வீரர்களிடம் நீட்டின. விலகுபவரின் ஸ்காலர்ஷிப்பில் கை வைக்கக் கூடாது, பொறுப்புத் துறப்புக் கையெழுத்தும் கேட்கக் கூடாது என்று கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் அமைப்பான என்.சி.ஏ.ஏ.வின் நிர்வாகக் குழு சொன்னபோது ஆகஸ்ட் 5 ஆகிவிட்டது; பல வளாகங்களில் பயிற்சி தொடங்கி இரண்டு மாதம் ஆகியிருந்தது. அதற்குப் பிறகும், ஸ்காலர்ஷிப்புக்குத்தான் பாதுகாப்பு கிடைத்தது. அணியில் அவன் நிற்கும் இடத்துக்கு? மூன்று வருடம் உழைத்து முதல் பதினொன்றில் வந்தவன் விலகினால், அடுத்த ஆண்டு அந்த இடம் அவனுக்குக் காத்திருக்கும் என்று எந்தப் பயிற்சியாளரும் எழுதிக் கொடுக்கவில்லை.

விலகியவர்கள் கெட்டுவிடவில்லையே என்று கேட்பார்கள். ஜமார் சேஸ், பெனே சூயல், மைக்கா பார்சன்ஸ் மூவரும் விலகினார்கள், கல்லூரி வீரர்களைத் தொழில்முறை அணிகள் வரிசையாக எடுத்துக்கொள்ளும் 2021 என்.எஃப்.எல். தேர்வில் முறையே 5, 7, 12ஆம் இடங்களில் எடுக்கப்பட்டார்கள். சரிதான். அவர்கள் நட்சத்திரங்கள், அடுத்த வேலை கண்ணுக்குத் தெரிந்த தூரத்தில் இருந்தது. அணியில் எழுபதாவது ஆளாக நிற்பவனுக்கு அந்தத் தைரியம் எங்கிருந்து வரும்?

இதில் பலரும் கவனிக்காமல் கடந்துபோன செய்தி ஒன்று உண்டு. ஆகஸ்ட் 9 இரவு, ‘நாங்கள் ஆட விரும்புகிறோம்’ என்று கிளெம்சனின் டிரெவர் லாரன்ஸும் ஒஹாயோ ஸ்டேட்டின் ஜஸ்டின் ஃபீல்ட்ஸும் குரல் எழுப்பினார்கள். ஒரு வாரத்துக்கு முன்பே பேக்-12 வீரர்கள், பாதுகாப்பும் வருவாயில் பாதியும் கேட்டு, இல்லையென்றால் ஆடமாட்டோம் என்றிருந்தார்கள். எதிரெதிர் முகாம்கள் என்றுதான் எல்லாரும் நினைத்தோம். அன்றிரவே இரு தரப்பும் கலந்து பேசி ஒரே அறிக்கை வெளியிட்டார்கள்: எல்லா லீக்குக்கும் பொதுவான பாதுகாப்பு விதி, விலக விரும்புபவருக்கு விலகும் உரிமை, கல்லூரியில் ஆட ஒருவருக்குள்ள தகுதி ஆண்டுகள் குறையாது என்ற உத்தரவாதம், கடைசியில் ஒரு வீரர் சங்கம். ஆடத் துடித்தவர்களே ஆடாமல் இருக்கும் உரிமையையும் சேர்த்துக் கேட்டார்கள். தலைப்புச் செய்தியில் ‘ஆட விரும்புகிறோம்’ மட்டும் நின்றது. மற்றதை வசதியாக மறந்தார்கள்.

வட கரோலினா பல்கலைக்கழகம் இதே விஷயத்தை வேறு விதத்தில் காட்டியது. வகுப்புகள் தொடங்கிய ஒரே வாரத்தில், ஆகஸ்ட் 17 அன்று, தொற்று பரவுவதால் இளநிலை வகுப்புகள் எல்லாம் இணையத்துக்கு மாறும் என்று அறிவித்தார்கள். மாணவர்கள் பெட்டியைக் கட்டினார்கள். கால்பந்து அணி வளாகத்திலேயே பயிற்சியைத் தொடர்ந்தது. ‘முதலில் மாணவன், பிறகு வீரன்’ என்று நீதிமன்றம் வரை போய் வாதிட்டவர்கள் இதற்கு என்ன விளக்கம் வைத்திருந்தார்கள் என்று எனக்குத் தெரியவில்லை. மறுக்க முடியாதவனுக்காக வேறு யாராவது மறுக்க வேண்டும். ஆகஸ்டில் பிக் டென்னும் பேக்-12உம் அதைச் செய்தன. அதனால்தான், பிறகு எவ்வளவு சொதப்பியிருந்தாலும், ஆகஸ்ட் முடிவு என் கணக்கில் சரியானது.

மருத்துவ வாதத்தில் என் பக்கம் அவ்வளவு திடமாக இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஒஹாயோ ஸ்டேட்டில் தொற்று வந்த 26 வீரர்களைச் சோதித்து, நான்கு பேருக்கு இதயத் தசை அழற்சியின் அறிகுறி இருப்பதாக 2020 செப்டம்பரில் ஒரு மருத்துவ இதழில் வெளியிட்டார்கள். நூற்றுக்குப் பதினைந்து என்றதும் பெற்றோர் வயிற்றில் புளியைக் கரைத்தது. அடுத்த மே மாதம் பிக் டென் முழுவதும் 1,597 வீரர்களைச் சோதித்த கணக்கு வந்தபோது அது 37 பேர், அதாவது 2.3 சதவீதம். அவர்களிலும் பெரும்பாலோருக்கு வெளியே தெரியும் தொந்தரவு இல்லை. ஆண்டுகள் கழித்து அந்த இதயங்கள் எப்படி இருக்கும் என்பதைச் சொல்ல நான் மருத்துவன் அல்ல. தினசரிப் பரிசோதனை கிடைத்ததும் செப்டம்பரில் நிலைமை மாறியது என்பதும் உண்மை. ஊரில் மற்றவர்கள் பரிசோதனைக்கு வரிசையில் நின்றபோது வீரர்களுக்குத் தினமும் பரிசோதனை நடந்தது வேறு வயிற்றெரிச்சல். ஆட்டத்தை நிறுத்தினால் நோய் நிற்கும் என்ற நினைப்பும் தவறு. பென்சில்வேனியாவில் சீசனையே கைவிட்டிருந்த ஒரு லீக்கின் இளம் வீரர் அந்த செப்டம்பரில் கொரோனா சிக்கலால் இறந்தார்.

மூன்றாவது வழி, வசந்தகாலத்துக்குத் தள்ளிவைப்பது. இரண்டாம் நிலையான எஃப்.சி.எஸ். கல்லூரிகளில் பெரும்பாலானவை இதைத்தான் செய்தன. 2021 பிப்ரவரியில் தொடங்கி, மே 16 அன்று டெக்சஸின் ஃபிரிஸ்கோவில் சாம் ஹியூஸ்டன் அணி 23-21 என்று தெற்கு டகோட்டா ஸ்டேட்டை வென்று முடித்தது. கோப்பை கோப்பைதான், யாரும் அதை மட்டமாக நினைத்து நட்சத்திரக் குறி போடவில்லை. இடையில் தடுப்பூசி வேறு வந்துவிட்டது. 2020இல் ஆடிய ஆண்டு யாருடைய ஆடும் தகுதிக் கணக்கிலும் சேராது என்று என்.சி.ஏ.ஏ. ஆகஸ்டிலேயே சொல்லிவிட்டதால், ‘பையனுக்கு ஒரு வருடம் போச்சே’ என்ற புலம்பலுக்கும் பாதி பதில் கிடைத்திருந்தது. தேர்வாளர்கள் கண்ணில் படாமல் போய்விடுவார்கள் என்ற பயத்துக்கு வடக்கு டகோட்டா ஸ்டேட்டின் டிரே லான்ஸ் பதில். அந்த இலையுதிர்காலத்தில் அவர் ஆடியது ஒரே ஓர் ஆட்டம், என்.எஃப்.எல். தேர்வில் மூன்றாவது ஆளாகப் போனார். ஆனால் வசந்த சீசனுக்கும் ஒரு விலை உண்டு. சில அணிகள் பாதியிலேயே ஆள் போதாமல் விலகின. முடித்தவர்கள் மூன்று மாத ஓய்வில் அடுத்த சீசனில் இறங்கினார்கள். ஒரே நாட்காட்டி ஆண்டில் இரண்டு சீசன் அடிவாங்கிய உடம்புகளைப் பற்றி என் கையில் தரவு இல்லை. அதனால் வசந்தம்தான் சிறந்த வழி என்று சத்தியம் செய்யமாட்டேன். மகனுக்கு அந்த வாய்ப்பு வந்திருந்தால் சரி என்றிருப்பேன், அவ்வளவு சொல்லலாம்.

இதே கேள்வி இன்று வந்தால் என் சாய்வு மாறுமா என்று நண்பர் ஒருவர் கேட்டார். மாறலாம். 2021 ஜூலை முதல் வீரர்கள் தங்கள் பெயரையும் படத்தையும் வைத்துச் சம்பாதிக்கலாம்; 2025 ஜூனில் நீதிமன்றம் ஏற்ற ஒப்பந்தத்தின்படி கல்லூரிகளே நேரடியாகப் பணம் கொடுக்கின்றன. கையில் காசிருப்பவனுக்கு மறுக்கும் தெம்பு கொஞ்சம் கூடுதல். ஆனால் ஆகஸ்ட் 9 இரவு அவர்கள் கேட்ட பட்டியலின் கடைசி வரி, நிர்வாகத்தோடு உட்கார்ந்து பேரம் பேசும் சங்கம், இன்னும் வரவில்லை. விலகினால் இவ்வளவு, இடம் பத்திரம் என்று என்.எஃப்.எல். போல எழுதி வாங்க, எதிர்நாற்காலியில் உட்கார ஆள் இல்லை. அந்த ஆள் வந்து உட்காரும்வரை நான் தள்ளிவைப்பவர்கள் பக்கம்தான்.